மலைப்பாம்பு நோற்ற விரதம்

அன்பர்களே, வாரம் தவறாமல் உங்களுக்குத் தீங்கு செய்துவந்த ஒருவன் திடீரென்று சில நாட்கள் சும்மா இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அவனுக்கு மாலை போடுவீர்களா? அல்லது அந்தச் சில நாட்களுக்குள் செய்ய வேண்டியதைச் செய்துகொள்வீர்களா? பதில் சொல்ல அவசரப்பட வேண்டாம். முதலில் பாலாடை என்னும் வெள்ளை எலிக்கு நேர்ந்ததைக் கேளுங்கள்.

ஏரிக்கரை ஓரத்தில் சபேசன் என்பவரின் வீடு இருந்தது. அவர் பாம்புப் பிரியர். வீட்டின் பின்னறையில், மேசைமேல் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் கடல் கடந்து வந்த மலைப்பாம்பு ஒன்றைச் செல்லமாக வளர்த்தார். அந்தச் செல்லத்துக்கு உணவாக, எதிர்ச்சுவர் ஓரம் கண்ணாடிபோல் தெளிந்த ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் எலிகளையும் வளர்த்தார். தொட்டிக்குக் கம்பிவலை மூடி. உள்ளே மரத்தூள் மெத்தை. வேளை தவறாமல் மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும். எலிகளின் உடல்நலத்தில் சபேசனுக்கு இருந்த அக்கறையைச் சொல்லி முடியாது. மெலிந்த எலியைக் கண்டால் அவர் மனம் வாடிவிடும்!

ஞாயிற்றுக்கிழமை தோறும் காலையில் அவர் கை உள்ளே வரும். கொழுத்த எலி ஒன்றைத் தூக்கிச் செல்லும். போன எலி திரும்பியதே இல்லை.

எலிகளுக்கு உண்மை தெரியாமல் இல்லை. எல்லாம் கண்ணுக்கு நேராகவே நடந்தது. ஆயினும், "விழுங்கப்பட்டான்" என்று சொல்வது அந்தத் தொட்டியில் மரியாதைக் குறைவு. "அழைக்கப்பட்டான்" என்றே சொல்ல வேண்டும். இந்த விதியை வகுத்தவர் நெடுவாலர். தொட்டியிலேயே மூத்தவர், பருத்தவர். பல குடும்பங்களுக்கு அவரே தகப்பன் என்பதால், சபேசனின் கை அவரை இதுவரை தொட்டதில்லை. அது தம்முடைய பக்தியின் பலன் என்று அவர் நம்பினார். மாலைதோறும் பின்னங்கால்களில் எழுந்து நின்று, "பேரரவே! பெருந்தகையே! கருணை காட்டும்!" என்று கண்ணாடியை நோக்கித் துதி பாடுவார். மற்ற எலிகள் பின்பாட்டுப் பாடும்.

பாலாடை மட்டும் பாடுவதில்லை. அவள் மூன்று ஈற்றுக் குஞ்சுகளை வளர்த்து ஆளாக்கினாள். மூன்று ஈற்றும் ஒன்றன்பின் ஒன்றாக "அழைக்கப்பட்டன". நான்காவது ஈற்று வயிற்றில் இருந்தபோது அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். தான் படுக்கும் உடைந்த மண்சட்டிக்குப் பின்னால், தொட்டியின் மூலையை நாள்தோறும் கொறித்தாள். மூன்று வாரக் கொறிப்பில் ஓர் எலி நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. இந்தக் குஞ்சுகளையாவது வெளியே கொண்டுபோய்விட வேண்டும். அவளுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் அவள் எட்டுக் குஞ்சுகளை ஈன்றாள். அதே நாள் காலையில் சபேசனின் கை சுண்டன் என்ற இளைஞனைத் தூக்கிச் சென்றது. எலிகள் வழக்கம்போல் தலை குனிந்தன.

ஆனால் அன்று ஓர் அதிசயம் நடந்தது! மலைப்பாம்பு அசையவே இல்லை. சபேசன் சற்று நேரம் பார்த்துவிட்டு, "சரி செல்லம், நீ தயாரானதும் சொல்லு!" என்று சிரித்தபடி சுண்டனை எடுத்துவந்து தொட்டியிலேயே விட்டார்.

தொட்டி அல்லோலகல்லோலப்பட்டது.

"என் மூக்குக்கு நேரே அவர் மூக்கு!" என்று சுண்டன் மூச்சிரைத்தான். "தொடவில்லை! பார்க்கக்கூட இல்லை! கண் இரண்டும் பால் ஊற்றியதுபோல் வெளுத்திருந்தன!"

"வெளுத்திருந்தனவா?" நெடுவாலர் எழுந்து நின்றார். "பிள்ளைகளே, அது உள்நோக்கித் திரும்பிய கண்! தவக்கண்! பெருந்தகை உயிர்க்கொலையை வெறுத்து விரதம் பூண்டுவிட்டார்! நம் துதி அவர் நெஞ்சைத் தொட்டுவிட்டது!"

"நம் துதியா, உங்கள் துதியா?" என்று ஒரு கிழட்டு எலி கேட்டது.

"பின்பாட்டுக்கும் பங்கு உண்டு!" என்றார் நெடுவாலர் பெருந்தன்மையோடு.

மறுநாள் கருக்கன் வந்தான். கருக்கன் ஏரிக்கரைக் கற்களுக்கு அடியில் வாழும் பெருச்சாளி. சிந்திக் கிடக்கும் சோளத்துக்காகத் தண்ணீர் போகும் குழாய் வழியே அந்த அறைக்கு வந்துபோவான். ஓட்டை வழியே அவனோடு பேசிப் பேசிப் பாலாடை அவனை அண்ணனாகவே கொண்டிருந்தாள்.

"அண்ணா, பாம்பு விரதம் இருக்கிறதாம்!"

கருக்கன் விழுந்து விழுந்து சிரித்தான். "விரதமா? தங்கச்சி, நான் வயல்வெளியில் எத்தனை பாம்பைப் பார்த்திருப்பேன்! தோல் உரிக்கப்போகிற பாம்புக்குக் கண் இப்படித்தான் வெளுக்கும். அப்போது அதற்குக் கண் தெரியாது, பசி எடுக்காது. பிறகு கண் தெளியும். கண் தெளிந்த சில நாளில் சட்டையைக் கழற்றிப் போடும். அதன்பிறகு எடுக்கும் பாரு ஒரு பசி!"

"அதற்கு எத்தனை நாள் ஆகும்?"

"பத்து, பன்னிரண்டு. இன்னொன்றையும் கேள். பாம்பு சாப்பிடாத வரையில் உங்கள் வீட்டுக்காரர் தீனியைக் கொட்டிவிட்டுப் போய்விடுவார். அது சட்டை உரித்துவிட்டுச் சாப்பிடத் தொடங்கும் அன்றுதான் வாளியோடு வருவார், தொட்டியைக் கழுவுவார், சட்டியைத் தூக்குவார். ஓட்டையைப் பார்த்துவிடுவார்! உன் குஞ்சுகள் இப்போது பாக்குக்கொட்டை அளவுதான் இருக்கின்றன. வாய்க்கு இரண்டாகக் கவ்விக்கொண்டு வா. நாலே நடை. குழாய் வாயில் நான் நிற்கிறேன். இப்போதே வா!"

பாலாடை நல்லவள். தான் மட்டும் தப்பிக்க அவளுக்கு மனம் வரவில்லை. தொட்டியின் நடுவே நின்று, "எல்லோரும் வாருங்கள்! வழி இருக்கிறது!" என்று ஓட்டையைக் காட்டினாள்.

நெடுவாலர் ஓட்டையைப் பார்த்தார். மூக்கைச் சுளித்தார்.

"யார் சொன்னது? அந்தச் சாக்கடைப் பெருச்சாளியா? அம்மா பாலாடை, வெளியே பூனை இருக்கிறது. ஆந்தை இருக்கிறது. மழை பெய்தால் குழாயில் வெள்ளம் வரும். இங்கே என்ன இருக்கிறது? ஒரே ஒரு பாம்பு! அதுவும் திருந்திய பாம்பு! இந்த நேரத்தில் இப்படி ஓர் ஓட்டையை அவர் கண்டால் என்ன நினைப்பார்? 'என்னை இவர்கள் நம்பவில்லையே' என்று மனம் புண்படாதா?"

"புண்படும்! புண்படும்!" என்றன மற்ற எலிகள்.

பிறகு நெடுவாலர் குரலைக் குழைத்தார். "உன் குஞ்சுகள் விரதம் தொடங்கிய திருநாளில் பிறந்தவர்கள். அவர்களுக்கு 'அமைதிச் செல்வங்கள்' என்று பெயர் சூட்டுகிறேன். இன்று முதல் தீனித் தட்டில் முதல் இடம் உனக்குத்தான்!"

பாலாடை மண்சட்டியைப் பார்த்தாள். எட்டுக் குஞ்சுகளும் கதகதப்பாகச் சுருண்டிருந்தன. பூனையை நினைத்தாள். முதல் இடத்துப் புண்ணாக்கின் மணமும் வந்தது. எல்லாமாகச் சேர்ந்து அவளை உட்காரவைத்துவிட்டன. சுண்டனும் அவன் தோழர்களும் மரத்தூளைத் திணித்து ஓட்டையை அடைத்தார்கள். பாலாடையும் ஒரு கை கொடுத்தாள்!

கருக்கன் நாள்தோறும் வந்து மரத்தூளைத் தட்டுவான்.

"இன்றைக்கு வருகிறாயா, தங்கச்சி?"

"நாளைக்கு, அண்ணா. இன்றைக்குக் குஞ்சுகளுக்குத் தலைவர் வாழ்த்துச் சொல்லப்போகிறார்."

"இன்றைக்கு?"

"நாளைக்கு. அவர்களுக்கு முடி முளைத்தால் குளிர் தாங்குவார்கள் அல்லவா?"

"முடி முளைத்தால் கனமும் கூடும், தங்கச்சி!"

அடுத்த ஞாயிறு வந்தது. சபேசனின் கை வரவே இல்லை. தொட்டியில் பெருவிழா நடந்தது.

எட்டாம் நாள் பாம்பின் கண் தெளிந்தது. "பார்த்தீர்களா, ஞானக்கண் திறந்துவிட்டது!" என்றார் நெடுவாலர். கருக்கன் சொன்னது பாலாடைக்கு நினைவில் இருந்தது. ஆனால் முதல் இடத்தில் உட்கார்ந்திருப்பவள் எப்படி எழுந்து ஓடுவாள்? நாலு பேர் என்ன சொல்வார்கள்? 'நாளை பார்த்துக்கொள்ளலாம்' என்று குஞ்சுகளை அணைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கு முதல் வால் வரை ஒரு முழுத் தோல் கழன்று கிடந்தது. நெடுவாலர் தம் வாழ்நாளின் மிகச் சிறந்த சொற்பொழிவை அன்றுதான் ஆற்றினார்.

"அருமைப் பிள்ளைகளே! இதற்கு மேலும் சான்று வேண்டுமா? பெருந்தகை தம்மிடம் இருந்த பாம்பைக் கழற்றி எறிந்துவிட்டார்! அதோ, பாம்பு தரையில் கிடக்கிறது! உள்ளே இருப்பவர் நம்மைப் போல் ஒருவரே!"

எலிகள் ஆனந்தக் கண்ணீர் வடித்தன.

குஞ்சுகள் பிறந்து பதினான்கு நாளான ஞாயிற்றுக்கிழமை. பொழுது புலர்ந்ததும் பாலாடையின் மூத்த குஞ்சு முதன்முதலாகக் கண் திறந்தது. நேர் எதிரே இருந்ததைப் பார்த்தது.

"அம்மா, அது யார்? நம்மையே பார்க்கிறாரே! நாக்கை நாக்கை நீட்டுகிறாரே!"

பாலாடை திரும்பினாள். மலைப்பாம்பு கண்ணாடி நெடுக எழுந்து நின்றது. புதுத்தோல் பளபளத்தது. கண்ணில் பாலும் இல்லை, தவமும் இல்லை. அதே நேரம் வெளியே வாளி உரசும் ஓசை கேட்டது.

அவள் பாய்ந்தாள். முதல் இடமும் மறந்தது, நாலு பேர் பேச்சும் மறந்தது. மூலையில் இறுகிக் கிடந்த மரத்தூளைப் பிய்த்து எறிந்தாள்.

"பாலாடை! உட்கார்! திருநாளில் இது என்ன அநாகரிகம்?" என்று நெடுவாலர் அதட்டினார்.

"விடுங்கள் ஐயா!" என்று அவள் முதல் குஞ்சைக் கவ்வினாள். வாய்க்கு இரண்டு என்பது இப்போது நடக்கிற காரியமா? ஒன்றே கனத்தது. ஓட்டையில் அதைத் தள்ளி, சுவரோரம் இழுத்து, குழாய் வாயில் கருக்கனிடம் கொடுத்தாள். திரும்பி ஓடினாள். இரண்டு. மூன்று. நான்காவது ஓட்டையில் சிக்கிக்கொண்டது. கதறக் கதற இழுத்தாள். ஐந்து.

ஆறாவதற்குத் திரும்பியபோது மூடி திறந்துவிட்டது. சபேசனின் கை உள்ளே இறங்கியது. பாலாடை சுவரோரம் உறைந்து நின்றாள்.

"விலகுங்கள்! விலகுங்கள்!" என்று உள்ளே நெடுவாலரின் குரல் முழங்கியது. "பெருந்தகையின் முதல் வாழ்த்தை நான்தான் பெற வேண்டும்!" அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அந்தக் கையின் மேல் தாமே ஏறினார்.

"அடேயப்பா! நீயாகவே வந்துவிட்டாயா?" என்று சபேசன் வியந்தார். "கிழவன்தான். போகட்டும், என் செல்லம் நல்ல பசியில் இருக்கிறது!"

கண்ணாடிப் பெட்டி திறந்தது, மூடியது. ஒரு நொடியில் மலைப்பாம்பு நெடுவாலரைச் சுற்றிக்கொண்டது.

பிறகு சுண்டன் மெல்லத் தொண்டையைச் செருமினான்.

"பார்த்தீர்களா! ஆரத் தழுவிக்கொண்டார்!"

"நெடுவாலர் ஏன் இன்னும் திரும்பவில்லை?" என்று அந்தக் கிழட்டு எலி கேட்டது.

"பேச வேண்டியது நிறைய இருக்கும் அல்லவா?" என்றான் சுண்டன். அன்றே அவனைத் தலைவனாக்கினார்கள்.

சபேசன் தொட்டியைக் கழுவ வந்தார். மண்சட்டியைத் தூக்கினார். ஓட்டையைப் பார்த்தார். "ஓகோ, இப்படியும் ஒரு வேலையா!" என்று சொல்லி, மூன்று குஞ்சுகள் உட்பட எல்லா எலிகளையும் ஓர் இரும்புப் பெட்டிக்கு மாற்றினார். பெட்டியின் மூடியைத் தாழிட்டார்.

அவர் போனபின் பாலாடை அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். இரும்புக்கு அப்பால் மூன்று குரல்கள் பாலுக்காகக் கீச்சிட்டன. அவள் பல்லை வைத்துப் பார்த்தாள். பல்தான் வலித்தது.

"அண்ணா, இரும்பைக் கொறிக்க எத்தனை நாள் ஆகும்?"

கருக்கன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "வா தங்கச்சி," என்றான். "ஐந்து குஞ்சுகள் பசியோடு காத்திருக்கின்றன."

தீயவன் ஓய்ந்திருக்கும் காலம் அவன் திருந்திய காலம் அன்று. அது நாம் தப்பிப் பிழைப்பதற்கென்று கிடைத்த காலமே ஆகும்.

ஆகவே, அன்பர்களே! உங்களை அடிக்கும் கை இந்த வாரம் ஓங்கவில்லை என்று மகிழ்ந்து உட்கார்ந்திருக்காதீர்கள். கசியும் மதகு போன மழைக்குத் தாங்கியதென்று அதற்குப் பொங்கல் வைக்காதீர்கள். மழை விட்டிருக்கும் இந்த நேரத்திலேயே மண்வெட்டியை எடுங்கள். காப்பாற்ற வேண்டியவர்களைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு, இன்றே, பொழுது சாய்வதற்குள்ளேயே புறப்படுங்கள்!