மூன்று எஃகும் காயல் ராஜாவின் மடக்குக்கத்தியும்

முன்னொரு காலத்தில், கடலும் காயலும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்குகிற வெண்மணற்கரை நாட்டைப் பவளமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் நினைத்தால் நினைத்ததுதான். பொழுது புலர்ந்ததும் படகேறிவிடுவான். மூடுபனியில் கரை எது, வானம் எது, தண்ணீர் எது என்று தெரியாது. அந்த வெண்மைக்குள் படகு மிதக்க, இடுப்பிலிருந்து மடக்குக்கத்தியை எடுத்து மாங்காய் நறுக்கிக்கொண்டே, தான் கண்ட கனவைச் சொல்லுவான்.

கேட்கிறவள் துடுப்புப் போடும் காத்தாயி. மீனவர் குப்பத்துப் பெண். யானைகள் கடலுக்கடியில் நடந்துபோனதையும், நட்சத்திரங்கள் வலையில் சிக்கியதையும் ராஜா சொல்லச் சொல்ல, அவள் துடுப்பு மெல்ல விழும். அந்தக் காலைப்பொழுதுகளுக்காகவே அவள் உயிரோடு இருந்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

ஒருநாள் கனவின் நடுவில் கத்தி கைநழுவித் தண்ணீரில் விழுந்தது. சத்தமே இல்லை. பனி விழுங்கிவிட்டது போலிருந்தது.

ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. "நாட்டிலேயே உயர்ந்த எஃகில் எனக்கொரு மடக்குக்கத்தி வேண்டும்" என்றான். ஆயுதசாலைத் தலைவர் மழவராயர் மூன்று கத்திகளோடு சபைக்கு வந்தார். ராஜா தன் கனவுகளை ஒரு படகுக்காரியிடம் சொல்வது அவருக்கு வெகுநாளாகவே உறுத்தல். பழைய கத்தி எப்படி விழுந்தது என்று சொல்வதற்காகக் காத்தாயியும் வாசலோரம் நின்றிருந்தாள்.

மழவராயர் முதல் கத்தியை விரித்தார். அலையலையாக வரி ஓடிய கறுப்பு எஃகு. தொங்கவிட்ட தலைமுடி அதன்மேல் பட்டதும் இரண்டானது.

"அரசே, மூன்றிலும் கடினமானது இதுதான். மாதக்கணக்கில் தீட்டவே வேண்டாம். இதில் குறை என்று யாராவது சொன்னால் என் பதவியைத் துறக்கிறேன்."

"மற்ற இரண்டும்?"

"இந்த நீல எஃகு வளையும், ஒடியாது. பரவாயில்லை ரகம். அந்த வெளிர் எஃகு மிருதுவானது. நாலு மாங்காய் நறுக்கினால் மழுங்கிவிடும்."

ராஜா வாசல் பக்கம் திரும்பினான். "காத்தாயி, நீ என்ன சொல்கிறாய்?"

"வெளிறினதை எடுத்துக்குங்க மகாராஜா."

சபை சிரித்தது. மழவராயர் சிரிக்கவில்லை. "துடுப்புப் பிடிக்கிறவளுக்கு எஃகைப் பற்றி என்ன தெரியும்? வாய்க்கு வந்ததைப் பேசுகிறவள் அரசர் ஏறும் படகைத் தொடலாமா?"

ராஜாவுக்கு விளையாட்டுப் புத்தி வந்துவிட்டது. "சரி, பந்தயம். காத்தாயி தோற்றால் துடுப்பைக் கீழே வைக்கட்டும். நீர் தோற்றால் நான் இடும் வேலையைச் செய்யும்."

காத்தாயி ஓரடி முன்னால் வந்தாள். "சோதனைன்னு தனியா ஒண்ணும் வேண்டாம் மகாராஜா. ஒரு கத்திக்கு ஒரு நாள். நீங்க எப்பவும்போல இருந்தாப் போதும்."

இது என்ன பிரமாதம் என்று மழவராயரும் ஒப்புக்கொண்டார்.

முதல்நாள் கறுப்புக் கத்தி. மாங்காய் பனித்துண்டாய் உதிர்ந்தது. கனவு சொல்லிக்கொண்டே ராஜா படகுத்துறைக் கம்பில் ஒட்டியிருந்த சிப்பியைக் கண்டான். எப்போதும்போலக் கத்திமுனையைக் கொடுத்து நெம்பினான். டிக். முனை ஒடிந்துவிட்டது.

இரண்டாம் நாள் நீலக் கத்தி. சிப்பியை நெம்பியது, வளைந்து கொடுத்தது. ராஜா மாங்காய்ச் சாறும் உப்புநீரும் சொட்டச் சொட்ட மடக்கி, எப்போதும்போல இடுப்பில் செருகிக்கொண்டான். மறுநாள் விரிக்கப் பார்த்தால் துருவேறி இறுகிக் கிடந்தது. நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் வெளிர்க் கத்தி. அதுவும் நெம்பியது, நனைந்தது, இடுப்புக்குப் போனது. மறுநாள் காலை, தூக்கத்திலிருந்து கண் விழிப்பதுபோல மெல்ல விரிந்தது. ஒரு பொட்டுத் துருவில்லை.

அன்றே சபை கூடியது. முனை போன கறுப்புக் கத்தியைப் பார்த்த மழவராயர் பதறினார். "மடக்குக்கத்தியால் யாராவது சிப்பியை நெம்புவார்களா?"

நெம்பியது யார் என்பது அவருக்கு அப்புறம்தான் உறைத்தது.

காத்தாயி கைகட்டிக் கேட்டாள். "ஐயா, எஃகுல குறை இருந்தா பதவி வேண்டாம்னீங்க. அப்போ குறை எஃகுலயா, மகாராஜா கையிலயா? நீங்களே சொல்லிடுங்க."

மழவராயர் ராஜாவை ஓரக்கண்ணால் பார்த்தார். "இரண்டிலும் இல்லை. குறை... சிப்பியில்தான்."

"அப்படியானால் சிப்பியைச் சிறையில் போடுவோமா?" என்றான் ராஜா. சபை குலுங்கியது.

"எஃகுல குறை இல்லேன்னு அவர் சொன்னது நிசம் மகாராஜா" என்றாள் காத்தாயி. "மூணுமே நல்ல எஃகு. துடைச்சு வைக்கிறவங்க கைக்கு அந்தக் கறுப்பைவிட ஒசந்த கத்தி கிடையாது. நீங்க துடைக்க மாட்டீங்க. முனையால நெம்புவீங்க. அஞ்சு வருசமா எதிர்ல உக்காந்து பாக்குறேன். வெளிறின எஃகு உப்புத்தண்ணிக்குத் துருப்பிடிக்காதுன்னு எங்க குப்பத்துல எல்லாருக்கும் தெரியும். மழுங்கும், அதையும் மறைக்கல. தீட்டிக்கலாம். ஒடிஞ்சதையும் இறுகினதையும் காயல் நடுவுல என்ன செய்ய?"

ராஜாவின் முகம் சிவந்தது. தன்னைச் சோம்பேறி என்று ஒருத்தி சபையிலேயே சொல்லிவிட்டாள். கத்தியை மடக்கினான், விரித்தான், மறுபடி மடக்கினான். பிறகு சிரித்துவிட்டான்.

"எஃகைப் பார்த்தவர் மழவராயர். என்னைப் பார்த்தவள் நீ. இன்றிலிருந்து அந்தப் படகு உன் சொத்து. மழவராயரே, பதவி உமக்கே இருக்கட்டும். ஆனால் இந்தக் கத்தி மழுங்கும் என்றீரே, தினமும் வந்து தீட்டிக் கொடும்."

மறுநாள் பனிக்குள் படகு மிதந்தது. நடுவில் சாணைக்கல்லோடு மழவராயர், யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். தீட்டுகிற ஓசையும் துடுப்பின் ஓசையும் மாறி மாறிக் கேட்டன. ராஜா கத்தியை வாங்கி மாங்காயை நறுக்கி, முதல் துண்டை அவரிடம் நீட்டினான். பிறகு கனவைத் தொடங்கினான். ஒரு வெள்ளைக் குதிரை தண்ணீரின்மேல் வீடு கட்டியதாம்.

வெகுநேரம் கழித்து, கனவு பாதியில் நிற்க, படகு கரை சேர்ந்தது. மழவராயர் காத்தாயி பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார்.

"அம்மா, அந்தக் குதிரைக்கு அப்புறம் என்ன ஆகும்?"

"தெரியாதுங்கய்யா" என்றாள் காத்தாயி. "நாளைக்கும் வாங்க."