முள் ஏறிய டாங்கர்

தவசிலிங்கத்தைவிட ஆறு வயது இளையவர் காஜாமைதீன். ஆனாலும் தவசி அவரை ஆசானே என்றுதான் அழைப்பார். டாங்கர் ஓட்டவும் சங்கம் நடத்தவும் அவரிடம்தான் கற்றார்.

வாயுத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் இழுத்துக்கொண்டே போனது. சங்கச் செயலாளரான தவசியின் சட்டைப்பையில் நிர்வாகம் நீட்டிய உடன்படிக்கை இருந்தது. நிரந்தரத் தொழிலாளர்களுக்குச் சம்பள உயர்வு. காண்ட்ராக்ட் ஆட்களுக்கு இருந்த வேலையும் கிடையாது. மாலைக்குள் கையெழுத்துப் போடச் சொல்லிச் சங்கக் கமிட்டி அவரைப் பிடுங்கித் தின்றது.

“வேலைநிறுத்தம் இழுக்குதுன்னு தொழிலாளிங்க கொதிச்சுப் போயிருக்காங்க, ஆசானே. போட்டுடட்டுமா?”

ஆசான் அவரைத் தொழிற்சாலை முற்றத்தில் நின்ற டாங்கர் அருகே அழைத்துப் போனார். திரவ நைட்ரஜன் நிரப்பியதோடு நின்றுபோன வண்டி. வேலைநிறுத்தத்திலும் சங்கத்தார் அதை முறைவைத்துக் காத்தார்கள். வெடித்தால் சாகப்போவது முதலாளி அல்லவே.

அழுத்தம் காட்டும் முள் சிவப்புக் கோட்டை நெருங்கியிருந்தது. வாயுவைத் திறந்துவிடத் தவசி வால்வில் கை வைத்தார்.

“விடுங்க அண்ணே. ஏறி உட்காருங்க.”

ஆசான் முற்றத்தைச் சுற்றி வண்டியை ஓட்டினார். பள்ளங்களில் வேண்டுமென்றே இறக்கி ஏற்றினார். உள்ளே திரவம் புரண்டது. வண்டி நின்றபோது முள் பாதிக்கு இறங்கியிருந்தது.

“கொஞ்சம்கூட வாயுவை வெளியே விடலையே,” என்றார் தவசி.

“வெளிச்சூடு டாங்கரோட சுவர் வழியா உள்ளே வருது. சூடான திரவம் சுவரோரமாவே ஏறி மேலே போய்த் தேங்கிக்கும். முள்ளுக்குத் தெரியிறது அந்த மேல்பரப்பு மட்டும்தான். அடியிலே இன்னும் குளிர்ந்துதான் கிடக்கு. குலுக்கினா ரெண்டும் கலந்து முள் இறங்கிடும்.” ஆசான் சாவியைத் திருகி எடுத்தார். “கொதிக்கிறாங்கன்னு எங்கே உட்கார்ந்து கேட்டீங்க?”

“கமிட்டி ரூம்ல.”

தவசி வண்டியிலிருந்து இறங்கினார். நேரே காண்ட்ராக்ட் ஆட்களின் கொட்டகைக்கு நடந்தார். கமிட்டி எட்டிப் பார்க்காத இடம். கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த அன்னக்கொடி, செயலாளருக்கு இன்றுதான் வழி தெரிந்ததா என்று கேட்டுவிட்டு அவருக்கும் ஒரு தட்டு வைத்தாள். நிரந்தரத் தொழிலாளர்களும் பிள்ளைகளோடு அங்கேதான் உண்டுகொண்டிருந்தார்கள். யாரும் கொதிக்கவில்லை. இன்னும் தாங்குவோம் என்றார்கள்.

திரும்பி வந்த தவசியின் கையில் உடன்படிக்கை நான்காகக் கிழிந்திருந்தது. கண் கலங்கியிருந்தது.

“பெரிய துரோகத்திலேர்ந்து காப்பாத்துனீங்க, ஆசானே. இந்த நன்றிக்கடனை எப்படித் தீர்ப்பேன்?”

“கஞ்சி ஊத்தினவங்ககிட்ட சொல்லுங்க,” என்றார் ஆசான். “நாளைக்கும் அங்கே போங்க. வண்டி நின்னா மறுபடி முள் ஏறும், அண்ணே.”