அஞ்சப்பனோட மூணாவது மெடல்

ஒரு ஊர்ல ஒரு கட்டுமரக்காரன் இருந்தான். பேரு அஞ்சப்பன். நாலு கட்டைய ஒண்ணாச் சேத்துக் கட்டுனா அதான் கட்டுமரம். அதுல முட்டி போட்டுக்கிட்டு எப்பேர்ப்பட்ட அலையிலயும் போவான். சீமையில ராணி ஆண்ட காலம் அது. கப்பலெல்லாம் தூரத்துலயே நிக்கும், ஆளுங்க படகுல அலையத் தாண்டிக் கரைக்கு வரணும். ம் சொல்லு. நீ ம் சொல்லலன்னா நான் நிறுத்திருவேன்.

ஒரு நா கப்பல்காரன் ஒருத்தன் குடிச்சுட்டுத் தொபுக்கடீர்னு கடல்ல விழுந்தான். கூட இருந்தவங்க வேடிக்கை பாத்தாங்க. அஞ்சப்பன் தான் குதிச்சு, முடியப் புடிச்சு இழுத்துட்டு வந்தான். தொரை கூப்பிட்டு, ராணி தலை போட்ட வெள்ளி மெடல் ஒண்ண மாட்டி விட்டாரு. அப்புறம் இன்னொரு வருஷம் படகு ஒண்ணு மடார்னு கவுந்துது. ஒரு தாயையும் கைக்கொழந்தையையும் தூக்கிட்டு வந்தான். ரெண்டாவது மெடல். அவனவிட அவன் தம்பி தேசப்பனுக்குத்தான் பெருமை தாங்கல. மெடல மாட்டிக்கிட்டுத் தெருவெல்லாம் சுத்துவான், கிறுக்குப் பய. ம்?

மூணாவதுதான் பாழாப்போன மெடல்.

அன்னிக்குக் காலைல தேசப்பன் தனியா மீன் புடிக்கப் போயிருந்தான். பொழுது ஏற ஏறக் காத்து ஹோன்னு வீசுது. ஒரு கப்பல் மணல்திட்டுல மோதி மடமடன்னு ஒடையுது. ஆறு பேரு பாய்மரத்தப் புடிச்சுத் தொங்குறாங்க. அதே நேரம் தெக்கால தேசப்பனோட மரமும் கவுந்து கட்டு அவுந்து, ஒத்தக் கட்டையப் புடிச்சு மெதக்குறான். அஞ்சப்பன் அங்கயும் பாத்தான், இங்கயும் பாத்தான்.

"அவங்களுக்கு நீச்சல் தெரியாது. நம்ம பய அவனா வந்துருவான்"னான்.

நம்மாளு கடல்ல முழுகுவானான்னு ஒரு நெனப்பு. அந்தக் கடக்கரையில எல்லாருக்கும் இருந்த நெனப்புதான், அவன மட்டும் திட்டக் கூடாது.

மொத நடை, ரெண்டு பேரு. திரும்பிப் பாத்தான், தம்பி தலை தெரிஞ்சுது. ரெண்டாவது நடை, இன்னும் ரெண்டு பேரு. அப்போ கரையில அவன் அம்மா கையப் புடிச்சுக்கிட்டு, "சின்னவன் இன்னும் வரலடா"ன்னா. வந்துருவான்மான்னு சொல்லிட்டு மறுபடியும் மரத்தத் தள்ளுனான். மூணாவது நடை, கடைசி ரெண்டு பேரு. அப்போ பாத்தா, கட்டை மட்டும் மெதக்குது. அதுக்கப்புறம் இருட்டுற வரைக்கும் தேடுனான்.

மறுநா அலை தேசப்பன் ஒடம்பக் கரையில ஒதுக்குச்சு. கட்டை உருண்டு அடிச்சதுல வலது கை ஒடைஞ்சிருந்துது. ஒடைஞ்ச கையோட யாரால நீந்த முடியும்? அழுவுறியா? இங்க வா, கிட்ட படு.

அப்புறம் தொரை மூணாவது மெடலக் குடுத்தாரு. வீட்டுல அம்மா அதக் கையில வாங்கிப் பாத்தா.

"எதுக்குடா குடுத்தாங்க?"

"ஆளக் காப்பாத்துனதுக்கு."

"எந்த ஆள?"ன்னா.



அதுக்கப்புறமும் புயல் வரும், கப்பல் ஒடையும், ஆளுங்க கத்துவாங்க. அஞ்சப்பன் உடனே போவ மாட்டான். கரையில நின்னு குப்பத்து ஆம்பளைங்க பேர ஒவ்வொண்ணாக் கூப்பிடுவான். எல்லாரும் "இருக்கேன்"னு கொரல் குடுத்தப்புறம், கடைசியா "தேசப்பா"ம்பான். யாரும் சிரிக்க மாட்டாங்க. கொஞ்ச நேரம் நிப்பான். அப்புறம்தான் மரத்தத் தள்ளுவான்.

அவ்ளோதான் கதை. போர்வைய இழுத்துக்க, கண்ண மூடு.