தூணின் உள்முகம்

கிரேக்க நாட்டில் கடலைப் பார்த்து நிற்கிற ஒரு குன்று. அதன் உச்சியில் கூரையில்லாத பழைய கோயில் ஒன்று இருக்கிறது. அங்கே ஏறிப் போகிற பாதையில் அன்று காலை மூன்று தமிழர்கள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

முன்னால் போனவர் அடிகள். நாற்பது வயதுதான். பின்னால் அவருடைய சீடர் ஆவுடையப்பன். பாளையங்கோட்டைக்காரர், பாலம் கட்டும் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிட இருபது வயது மூத்தவர், அதில் அவருக்கு ஒரு வெட்கமும் கிடையாது. கடைசியாக அவர் மனைவி கோமதி, முழங்காலைத் திட்டிக்கொண்டே வந்தாள். ஏதென்ஸில் வேலை பார்க்கிற மகள் டிக்கெட் அனுப்பி, அடிகளையும் கூட்டி வரச் சொல்லியிருந்தாள்.

ஆவுடையப்பனின் தோள்பையில் ஒரு காவித் துணி இருந்தது. அதை அடிகள் கையால் வாங்கிக் கட்டிக்கொண்டு வீட்டை விட்டுவிட வேண்டும் என்பது அவர் ஆசை. பல மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அடிகள் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. இன்று பதில் வாங்காமல் குன்றை விட்டு இறங்குவதில்லை என்று ஆவுடையப்பன் முடிவு கட்டியிருந்தார்.

துணி விஷயம் கோமதிக்குத் தெரியும். அதே பையில் புளியோதரை வைத்தவள் அவள்தான். துணியில் எண்ணெய் பட்டுவிடக் கூடாதென்று பொட்டலத்தை இரண்டு முறை சுற்றி வைத்திருந்தாள்.

உச்சிக்கு வந்ததும் ஒரு பைன் மரத்தடியில் கல் பெஞ்சு கிடைத்தது. நல்ல நிழல். கோமதி உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் போய்ப் பாத்துட்டு வாங்க. நம்ம ஊர்ல கோயில் இல்லையா என்ன? கூரையோட இருக்குல்லா."

அடிகள் வாய்விட்டுச் சிரித்தார். ஆவுடையப்பன் சிரிக்கவில்லை.

கோயிலைச் சுற்றி நடந்தார்கள். ஆவுடையப்பனால் சும்மா நடக்க முடியவில்லை. இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் பழசு என்றார். ஒரு காலத்தில் சிவப்பும் நீலமும் பூசி இருந்திருக்கும் என்றார். பலி பீடம் வெளியில், சாமி உள்ளே, ஜனங்கள் திறந்த வெளியில் நின்றுதான் கும்பிட்டார்கள் என்றார். தூண்கள் நடுவில் லேசாகப் பருத்திருப்பதைக் கைகாட்டினார். கொஞ்ச நேரம் துணியே மறந்துவிட்டது.

பிறகு ஞாபகம் வந்தது.

"சாமி, நான் கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லல."

"வீட்டுல என்ன குறை?"

"குறைன்னு சொல்ல ஒண்ணுமில்ல. நான் தியானத்துல உக்காந்தா அவ சீரியல் பாப்பா. நான் பதிகம் பாடினா அவ பக்கத்து வீட்டம்மாகூடப் போன்ல பேசுவா. பால் வந்தாச்சா, கரண்ட் பில் கட்டியாச்சா, இதான் எங்க பேச்சு. முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. மனசுல இருக்கறது அவளுக்கும் எனக்கும் ஒட்டவே இல்ல சாமி. ஓரத்துல தொட்டுக்கிட்டு ஓடுது. இது ஒரு வாழ்க்கையா?"

புல்லில் ஒரு தூண் துண்டு, பெரிய செக்குபோல, முகம் மேலே தெரியக் கிடந்தது. அடிகள் அதன் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"இது என்னங்கய்யா?"

இன்ஜினியரின் முகம் மலர்ந்துவிட்டது. "தூணோட துண்டு சாமி. இப்படி ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கித்தான் தூண். இது உள்முகம். தூண் நிக்கும்போது யாரும் பாக்க முடியாது."

"ஒட்டறதுக்குச் சுண்ணாம்பா?"

"ஒண்ணுமே கிடையாது. கல்லுமேல கல்லு."

"ஓரம் வழவழன்னு இருக்கு. நடுவுல சொரசொரன்னு விட்டுட்டாங்களே. சோம்பேறிங்களோ?"

"சேச்சே! வேணும்னே செஞ்சது. நடுவக் கொஞ்சம் தாழ்த்திக் கொத்தி விடணும். ரெண்டு கல்லும் ஓரத்துல மட்டும்தான் தொடும். முழுசும் ஒட்டணும்னு ஆசப்பட்டா, நடுவுல எங்கயாவது மயிரிழை மேடு நின்னாப் போதும், ஓரம் சேராது. கல்லு ஆடும்."

"ஓரத்துல தொட்டே இத்தனை காலமா?"

"பூகம்பத்தையே பாத்திருக்கு சாமி. அங்க நிக்கறதப் பாருங்க. ஊசி நுழையாது."

"அப்ப இது ஏன் கீழ கிடக்கு?"

"இது தானா விழல. பிற்காலத்துல ஒரு மடம் கட்டக் கல்லு வேணும்னு பிரிச்சிருக்காங்க."

"மடத்துக்கா?" என்றார் அடிகள். கல்லின் நட்ட நடுவில் இருந்த சதுரக் குழியை விரலால் தொட்டார். "இது?"

"அதுல ஒரு மரக்கட்டை வைப்பாங்க. மேல் கல்லு இடம் மாறாம உக்காரணும்ல. சின்னக் கட்டைதான், வெளிய தெரியாது. சில கோயில்ல பிரிச்சுப் பாத்தப்ப, கட்டை இன்னும் கெடாம..."

"ஏங்க!" மரத்தடியிலிருந்து கோமதியின் குரல். "பிரஷர் மாத்திரை போட்டீங்களா? சட்டைப் பையில வச்சிருக்கேன் பாருங்க."

ஆவுடையப்பன் சட்டைப் பையில் கைவிட்டார். காகிதத்தில் மடித்த மாத்திரை இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கல்லின் குழியைப் பார்த்தார். மனதில் எழுந்தது சந்தோஷமா, கூச்சமா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தண்ணீர் இல்லாமலே மாத்திரையை விழுங்கினார்.

இருவரும் மரத்தடிக்குத் திரும்பினார்கள். அதற்குள் நிழல் நகர்ந்திருந்தது. பெஞ்சு முழுக்க வெயில். கோமதி ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"பசிக்கலையா ரெண்டு பேருக்கும்?" என்றாள்.

ஆவுடையப்பன் பையைத் திறந்து பொட்டலத்தை எடுத்தார். அடியில் துணி மடிப்புக் கலையாமல், ஒரு சொட்டு எண்ணெய் படாமல் இருந்தது. அதையும் கையில் எடுத்தார்.

"சாமி," என்றார் மெதுவாக. "அப்ப இந்தத் துணி?"

"பெஞ்சு மேல விரிங்கய்யா," என்றார் அடிகள். "அம்மா எவ்வளவு நேரமா நிக்கிறாங்க, கல்லு சுடுது."