'மாட்டேன்' என்று நின்ற செவலை

இலுப்பைப் பூ மணக்கும் ஒரு காட்டில் கருத்தாயி என்றொரு கரடி இருந்தாள். அவளுக்குக் கண் தெரியாது. பிறவியிலேயே அப்படி இல்லை, பிள்ளைகளே. ஒரு கோடையில் காய்ச்சல் வந்து படுத்தாள். எழுந்தபோது காடு இருட்டாகியிருந்தது. பிறகு அடைமழை வந்தது, ஓடை பெருகியது, வடிந்தது. எல்லாவற்றையும் அவள் ஒரு குகைக்குள் கிடந்தபடி காதால்தான் கேட்டாள்.

கண் போனாலும் பழைய காடு அவளுக்குள் அப்படியே இருந்தது. தாயின் முதுகில் தொற்றிக்கொண்டு போன ஒற்றையடிப் பாதை. மருதமர வேரைத் தாண்டினால் மணல்கரை. கரை வழியே இறங்கினால் ஓடைக்கு அந்தப் பக்கம் அந்த இலுப்பை மரம். விடியும் நேரத்தில் பூக்கள் பொத்துப் பொத்தென்று உதிரும். அவளும் தங்கை பேச்சியும் ஒருத்தியை ஒருத்தி முட்டித் தள்ளிக்கொண்டு தின்பார்கள். வாயெல்லாம் இனிப்பு, மூக்கெல்லாம் மகரந்தம்.

பேச்சி மலைக்கு அப்பால் குடிபோய்விட்டாள். ஆனாலும் பூக்காலம் வந்தால் அக்காவைப் பார்க்க அந்த மரத்தடிக்கு வந்துவிடுவாள். அக்கா இப்போது இருக்கும் குகை அவளுக்குத் தெரியாது.

"போன தடவை என்னைக் காணாமல் திரும்பியிருப்பாள். இந்தத் தடவையும் போகாவிட்டால், செத்துப்போனேன் என்றே நினைத்துக்கொள்வாள். அப்புறம் இந்தப் பக்கம் வரவே மாட்டாள்" என்று கருத்தாயி தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். காற்றில் இலுப்பை வாசம் வரத் தொடங்கிவிட்டது.

அந்தக் காட்டுச் செந்நாய்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வோர் ஈற்றிலும் பிறக்கும் குட்டிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கண் தெரியாதவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் துணையாகப் பழக்குவார்கள். பழக்குகிற வேலை மூக்காயி என்ற செந்நாயுடையது. அவள் ஒருநாள் செவலை என்னும் குட்டியைக் கூட்டிக்கொண்டு குகை வாசலுக்கு வந்தாள். செவலையின் தோளில், கொடியால் கட்டிய மூங்கில் பிடி ஒன்று இருந்தது.

"அக்கா, இதைப் பிடித்துக்கொண்டு நடங்கள். பிடி தோளில் இருக்கும்வரை இவள் வேலையில் இருக்கிறாள். அப்போது கொஞ்சக் கூடாது, தின்ன எதுவும் கொடுக்கக் கூடாது. பிடியைக் கழற்றிவிட்டால் வெறும் குட்டிதான். அப்புறம் உங்கள் பாடு, அவள் பாடு" என்றாள் மூக்காயி.

"இவளுக்கு என்னதான் தெரியும்?"

"தன் உடம்போடு உங்கள் உடம்புக்கும் சேர்த்து வழி பார்க்கத் தெரியும். இவள் நின்றால் நீங்களும் நின்றுவிடுங்கள்."

"நான் 'போ' என்று சொன்னால்?"

"ஆபத்து இருந்தால் போக மாட்டாள். அதைப் பழக்கத்தான் எனக்குப் பாதி உயிர் போயிற்று" என்று மூக்காயி சிரித்தாள்.

கருத்தாயிக்குச் சிரிப்பு வரவில்லை. 'சொன்ன பேச்சைக் கேட்காமலிருக்கப் பழக்கம் வேறா!' என்று முணுமுணுத்தாள்.

மறுநாள் விடியுமுன்னே இருவரும் புறப்பட்டார்கள். செவலை நேராகப் போகவில்லை. ஓரிடத்தில் சுற்றினாள், ஓரிடத்தில் விலகினாள்.

"ஏன்டி இப்படிக் கோணல்மாணலாகப் போகிறாய்?"

"கிளை தாழ்ந்திருக்கிறது, பெரியம்மா. நான் நுழைந்துவிடுவேன். உங்கள் தலை இடிக்கும்."

கருத்தாயி பொறுத்துக்கொண்டாள். ஆனால் மருதமர வேரைத் தாண்டியதும் செவலை சட்டென்று நின்றுவிட்டாள்.

"போ."

செவலை அசையவில்லை.

"போ என்கிறேன்! இதோ வேர், அடுத்தது மணல்கரை. பூ வாசம் மூக்கைத் துளைக்கிறது, நீ நிற்கிறாயே!"

"மாட்டேன், பெரியம்மா. கரையை வெள்ளம் அடியில் அரித்துவிட்டது. மேலே மண் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கீழே பாறையும் பள்ளமும். வேறு வழியாகப் போகலாம்."

"நீ பிறக்கும் முன்னே நான் நடந்த கரை இது! என் அம்மா முதுகிலிருந்து பார்த்த கரை! எனக்கே வழி சொல்கிறாயா?"

அவள் பிடியை உலுக்கினாள். செவலை குறுக்கே திரும்பி, அவள் காலை மறித்துக்கொண்டு நின்றாள்.

இதையெல்லாம் ஒரு நரி புதருக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. எதற்கும் ஆமாம் போட்டே வயிறு வளர்த்த நரி அது.

"அடடா, தாயே! பெரியவர்கள் சொல்லுக்கு இந்தக் காலத்தில் மரியாதையே இல்லை. அந்தப் பிடியை என் தோளில் மாட்டுங்கள். நீங்கள் போ என்றால் போவேன், நில் என்றால் நிற்பேன். திரும்பியதும் உங்கள் குகையில் இருக்கும் தேனடையில் ஒரு துண்டு கிடைத்தால் போதும்."

கருத்தாயி செவலையின் தோளிலிருந்து பிடியைக் கழற்றினாள். "போய் விளையாடு, போ!" என்றாள்.

செவலை விளையாடப் போகவில்லை. மருதமரத்தடியில் முன்னங்கால்மேல் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள்.

நரிக்குப் பிடி தொளதொளவென்று தொங்கியது. "போவோமா, நரியாரே?"

"ஆகட்டும், தாயே!"

கொஞ்ச தூரம்தான் போயிருப்பார்கள். டங்! கருத்தாயியின் நெற்றி ஒரு கிளையில் மோதியது.

"நரியாரே, கிளை இருக்கிறதே!"

"அப்படியா? எனக்கு இடிக்கவில்லையே, தாயே!"

அடுத்து முள்புதர் இரண்டு பக்கமும் அவள் மயிரைப் பிய்த்தது. "பாதை குறுகலாக இருக்கிறதே!"

"ஆமாம் தாயே, குறுகல்தான். நான் தாராளமாக வந்துவிட்டேன்!"

கருத்தாயிக்குக் கன்னம் எரிந்தது. 'தன் உடம்போடு உங்கள் உடம்புக்கும் சேர்த்து' என்று மூக்காயி சொன்னது அப்போதுதான் மனத்துக்குள் இறங்கியது. காலுக்கடியில் மணல் நெறுநெறுத்தது. அவள் நின்றாள்.

"நரியாரே, கரை வந்துவிட்டதா?"

"வந்துவிட்டது, தாயே."

"உறுதியாக இருக்கிறதா?"

"இரும்பு மாதிரி இருக்கிறது! இதோ, நுனியில் நான் நின்று காட்டுகிறேன், பாருங்கள்."

பாருங்கள் என்றதும் கருத்தாயி தனக்குள் சிரித்துக்கொண்டாள். பிடியை விட்டுவிட்டுக் காலால் துழாவினாள். பெரிய பாறாங்கல் ஒன்று தட்டுப்பட்டது.

"நல்லது. இந்தக் கல் கிட்டத்தட்ட என் கனம் இருக்கும். இதை உம் பக்கம் உருட்டிவிடுகிறேன். கரை தாங்கினால் நானும் வருகிறேன். நீர் அங்கேயே நில்லும். ஆகட்டுமா?"

நரி காலடியில் பார்த்தது. மண்ணில் ஒரு விரிசல் ஓடியிருந்தது.

"வேண்டாம் தாயே! வேண்டாம், வேண்டாம்!"

"அட! உமக்கு அந்தச் சொல் தெரியுமா? என் நெற்றி கிளைக்கு நேராகப் போனபோது அது எங்கே போயிருந்தது?"

நரி ஒரே தாவாகத் தாவிப் புதருக்குள் மறைந்தது. போகிற போக்கில் பிடி கழன்று கீழே விழுந்தது.

கருத்தாயி கல்லைத் தள்ளினாள். உருண்டது. பிறகு கடகடவென்று கரையே பெயர்ந்தது. கல் கீழே போய் மோதிய சத்தம் வெகு ஆழத்திலிருந்து வந்தது.

அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா முதுகிலிருந்து பார்த்த கரை இப்போது அவளுக்குள் மட்டும்தான் இருந்தது.

"செவலை" என்று மெல்லக் கூப்பிட்டாள்.

"இங்கேதான் இருக்கிறேன், பெரியம்மா." குரல் பக்கத்திலிருந்தே வந்தது; அவள் பின்னாலேயே வந்திருந்தாள். வாயில் பிடியைக் கவ்விக்கொண்டு வந்து அவள் மடியில் வைத்தாள்.

கருத்தாயி தடவிப் பார்த்து அதைச் செவலையின் தோளில் மாட்டினாள். இந்த முறை "போ" என்று சொல்லவில்லை. "போகலாமா?" என்றாள்.

ஓடையை மேலே ஏறிச் சுற்றி, கணுக்கால் தண்ணீரில் கடந்தார்கள். செவலை நின்ற இடமெல்லாம் கருத்தாயியும் நின்றாள். வெயில் ஏறிவிட்டது. பூ தீர்ந்துபோயிருக்குமோ, பேச்சி கிளம்பிப் போயிருப்பாளோ என்று கவலைப்பட்டுக்கொண்டே அவள் நடந்தாள்.

திடீரென்று காலடியில் மெத்தென்றது. உதிர்ந்த பூ.

"அடியே அக்கா!" என்று யாரோ அலறிக்கொண்டு ஓடிவந்து முட்டித் தள்ளினார்கள். அந்த முட்டு யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா? பேச்சியின் வாயெல்லாம் இலுப்பை மணந்தது. "இப்போதுதான் கிளம்பப் பார்த்தேன்டி! போன வருஷம் ஏன் வரவில்லை?"

அழுகை ஓய்ந்ததும் கருத்தாயி பிடியைக் கழற்றினாள். செவலை அந்தக் கணமே குட்டியாகி, பூக்குவியலில் விழுந்து புரண்டாள். கருத்தாயி அவளை இழுத்துப் பிடித்து ஆசை தீரத் தலையைத் தடவினாள்.

"யாரக்கா இவள்? சொன்ன பேச்சைக் கேட்பாளா?"

"கேட்க மாட்டாள். அதனால்தான் வந்து சேர்ந்தேன்" என்றாள் கருத்தாயி.

நீதி: எதற்கும் தலையாட்டுபவரை நம்பிப் போகாதே, ஆபத்தைக் கண்டு 'மாட்டேன்' என்று மறித்து நிற்பவரே உண்மைத் துணை.