மண்சுவருக்குள் லேயா

மலை அணில் பிரிசில்லாவுக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, அவளுடைய வால். இன்னொன்றும் அவளுடைய வால்தான்!

உடம்பைவிட நீளமான வால் அது. அடியில் கருஞ்சிவப்பு, நுனியில் வெண்ணெய் நிறம். காலையில் கண் விழித்ததும் அதைக் கோதி விடுவாள். அதற்கப்புறம்தான் பசியே எடுக்கும். ஞாயிற்றுக்கிழமை தோறும், காட்டுக்குக் கீழே தேயிலைத் தோட்டத்தில் இருந்த சின்னத் தேவாலயத்துக்குப் போவாள். வாசல் மரத்தில் உட்கார்ந்து, யார் என்ன சேலை கட்டி வந்தார்கள், யார் எவ்வளவு பூ வைத்திருந்தார்கள் என்று பார்ப்பாள். பார்த்து முடித்ததும் திரும்பிவிடுவாள். உள்ளே என்ன நடந்தால் அவளுக்கென்ன?

அவளுடைய சிநேகிதி லேயாவும் அதே மரத்துக்கு வருவாள். லேயா ஓர் இருவாச்சிப் பறவை. பெரிய மஞ்சள் அலகு, கறுப்பும் வெள்ளையுமான சிறகுகள். அவளும் பேரழகிதான். ஆனால் அவள் கண்ணை மூடிக்கொண்டு பாட்டை மட்டும் கேட்பாள். "இவளுக்கு ரசனையே கிடையாது!" என்று பிரிசில்லா நினைத்துக்கொள்வாள்.

கிறிஸ்துமஸ் முடிந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு காலையில் லேயா, உயரமான நாங்கு மரத்தின் பொந்துக்குள் நுழைந்துகொண்டாள். நுழைந்ததோடு விட்டாளா? மண்ணையும் பழச்சக்கையையும் குழைத்து, உள்ளே இருந்தபடியே வாசலைப் பூச ஆரம்பித்துவிட்டாள்! அவளுடைய கணவன் எபனேசர் வெளியிலிருந்து மண் கொண்டு வந்து கொடுத்துக்கொண்டிருந்தான்.

பிரிசில்லா பதறிப்போய் ஓடி வந்தாள்.

"ஏய் லேயா! என்ன காரியம் பண்ற? உன்னை நீயே உள்ளே வச்சுப் பூசிக்கிறியே!"

"முட்டையிடப் போறேன் பிரிசில்லா. எங்க வழக்கம் இது. குஞ்சு வளர்ற வரைக்கும் வெளியே வரமாட்டேன்."

"சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவ?"

"இவர் பழம் கொண்டு வந்து கொடுப்பார். அதுக்குத்தான் ஒரு கீறல் விட்டிருக்கேன், பார்."

"அவர் வராம போயிட்டா?"

"அவர் கையில பழத்தைக் கொடுத்து அனுப்புறவர் ஆண்டவர். அவர் என்னை மறக்கமாட்டார்."

இவ்வளவு அழகானவள் எதற்காக இருட்டில் போய் ஒளிந்துகொள்ள வேண்டும்? பிரிசில்லாவுக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. தினமும் வந்து சுவரில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளேயிருந்து மெல்லிய குரலில் பாட்டுத்தான் வந்தது. ஒரு தடவை விடாமல் மழை பெய்து, எபனேசர் இரண்டு நாள் வரவே இல்லை. அப்போதும் பாட்டு நிற்கவில்லை!

இதைப் பிரிசில்லா, சீமோன் என்ற கரிச்சான் குருவியிடம் போய்ச் சொன்னாள். காட்டில் நடக்கும் அத்தனையும் அவனுக்குத் தெரியும். நடக்காததும் தெரியும்.

"இதுகூடவா புரியல?" என்றான் சீமோன். "உள்ளே ஏதோ அழகு மருந்து வச்சிருக்கா! மூணு மாசம் பூசிட்டு வெளியே வருவா பாரேன். அப்புறம் உன் வாலை யார் பார்ப்பாங்க?"

பிரிசில்லாவுக்குப் பகீரென்றது. அந்த மருந்து எனக்கும் வேண்டுமே!

மறுநாள் நடுப்பகலில் லேயா தூங்கும் நேரம் பார்த்து வந்தாள். சுவரின் கீழ் மூலையில் பல்லை வைத்துக் கொறித்தாள். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. மாதுளம்பழ அளவுக்கு ஓட்டை விழுந்ததும் ஆவலோடு கண்ணை வைத்தாள்.

மருந்தும் இல்லை, மாயமும் இல்லை. லேயாவின் இறக்கை இறகுகளும் வால் இறகுகளும் உதிர்ந்து தரையில் கிடந்தன. மெலிந்துபோன லேயா, மொட்டை முதுகோடு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வயிற்றுக்கடியில், பிறந்து சில நாளே ஆன, இறகு முளைக்காத ஒரு குஞ்சு தலையை நீட்டியது.

பிரிசில்லாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சீமோன்! இங்கே வா! இந்த ஓட்டை வழியா பாரு, லேயா மொட்டையாயிட்டா! ஒரு இறகு மிச்சமில்லை! இனி பறக்கவே முடியாது! குஞ்சும் மொட்டை!"

யார் குரலையும் அப்படியே பேசிக்காட்டும் சீமோன், அதை அவளுடைய குரலிலேயே காடு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தான். மந்திகள் சிரித்தன. மயில் தோகையை விரித்துக்கொண்டு சிரித்தது.

லேயா விழித்துக்கொண்டாள். இருட்டறைக்குள் வெளிச்சம் விழுவதைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"பிரிசில்லா, சிரிச்சா சிரிச்சுக்கோ. இந்த ஓட்டையை அடைக்க எனக்குக் கொஞ்சம் ஈரமண் எடுத்துத் தருவியா? அவர் வர சாயங்காலம் ஆகும். அதுவரைக்கும் குழந்தைக்கு ஆபத்து."

"ஈரமண்ணா? ஐயோ, என் வாலெல்லாம் சேறாயிடும்!"

சொல்லிவிட்டு அடுத்த கிளைக்குத் தாவினாள். தாவியவள் அப்படியே நின்றுவிட்டாள். கீழே, நாங்கு மரத்தில் ஒரு மரநாய் ஏறிக்கொண்டிருந்தது. அதுவும் சீமோன் சொன்னதைக் கேட்டிருந்தது.

"இறகில்லாத தாய், பச்சைக் குஞ்சு, கதவு வேற திறந்திருக்கு!" என்று அது நாக்கைச் சப்புக்கொட்டியது.

பிரிசில்லா திரும்பி அடுத்த மரத்தைப் பார்த்தாள். ஓடிவிடலாம். யாரும் அவளைக் கேட்கப்போவதில்லை. அப்போது பொந்துக்குள்ளிருந்து லேயாவின் குரல் கேட்டது. சுவர் உடைந்திருந்ததால் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது.

"ஆண்டவரே, எங்களை உம்ம கையில ஒப்புக்கொடுக்கிறேன். பிரிசில்லா விவரம் தெரியாம செஞ்சுட்டா. அவளுக்கு எந்தக் கெடுதலும் வராம பார்த்துக்கொள்ளும்."

இத்தனை நாளாக அந்தச் சுவருக்குள் என்னதான் இருக்கிறது என்று தவித்தாளே, அது இதுதான்! கண்ணை வைத்துப் பார்த்தபோது அவளுக்கு இது தெரியவில்லை. வெட்கத்தில் அவளுடைய கண் நிறைந்துவிட்டது.

மரநாய் பொந்தை நெருங்கிவிட்டது. பிரிசில்லா ஒரே தாவாகத் தாவி, அதற்கு முன்னால் ஓட்டைக்குள் தலையையும் தோளையும் நுழைத்துக்கொண்டாள். ஓட்டை கச்சிதமாக அடைபட்டது. முகம் உள்ளே, வால் வெளியே!

"விலகு!" என்று உறுமியது மரநாய்.

"மாட்டேன்!"

மரநாய் வாலைக் கவ்வி இழுத்தது. உயிர் போகிற வலி. கத்தினாள், ஆனால் நகரவில்லை. லேயாவின் குஞ்சு அவளுடைய மூக்குக்கு எதிரே விழித்துக்கொண்டிருந்தது. "ஆண்டவரே, என்னை விடாதேயும்!" என்று பிரிசில்லா வாழ்நாளில் முதல் தடவையாக ஜெபம் செய்தாள். மேலே இருந்த கீறல் வழியாக லேயா அலகை நீட்டி, மரநாயின் மண்டையில் ஓங்கிக் கொத்தினாள். அதே நேரத்தில் வானத்தில் இரைச்சலோடு சிறகடிப்புச் சத்தம். சாயங்காலம் வரவேண்டிய எபனேசர், அன்றைக்கு என்ன தோன்றியதோ, முன்னாலேயே திரும்பியிருந்தான். அவனைக் கண்டதும் மரநாய் இறங்கி ஓடியது. போகும்போது வாலையும் வாயோடு கொண்டுபோய்விட்டது.

பிரிசில்லாவுக்கு ஒரு விரல் நீளம்தான் மிச்சம்.

அவள் அழுதாள். நன்றாக அழுதாள். அழுது முடித்து ஓடைக்குப் போய், வாய் நிறைய ஈரமண் எடுத்து வந்து ஓட்டையை அடைத்தாள். வால் இல்லாததால் தாவும்போதெல்லாம் தடுமாறினாள். ஆனாலும் தினமும் ஒரு பழத்தோடு வந்து, கீறல் வழியாகக் குஞ்சுக்கு ஊட்டினாள். லேயாவோடு சேர்ந்து பாடவும் கற்றுக்கொண்டாள். அவளுக்குச் சுருதி சேரவே இல்லை. லேயா அதோடு சேர்த்தே பாடினாள்.

ஈஸ்டர் போய்ச் சில வாரங்கள் கழித்து லேயா சுவரை உடைத்தாள். உதிர்ந்த இடத்தில் முளைத்த புதுச் சிறகுகள் பளபளக்க வெளியே வந்தாள். பின்னாலேயே குஞ்சும் வந்தது. காடே வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தது. மயில் தோகையை விரித்தது. சீமோன் நீளமான வாலை ஆட்டிக் காட்டினான். பிரிசில்லா மட்டும் இலைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தாள்.

குஞ்சு எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தது. "அம்மா, அவங்க எங்கே?"

"யாரு கண்ணு?"

"நம்ம சுவர் உடைஞ்சப்போ சுவரா நின்னாங்களே, அவங்க!"

லேயா இலைகளை விலக்கினாள். குஞ்சுக்குப் பிரிசில்லாவின் முகம்தான் தெரியும், வாலை அது தேடவே இல்லை. தத்தித் தத்திக் கிளையில் நடந்து போய், அவளுடைய மார்பில் தலையைச் சாய்த்துக்கொண்டது.

"அம்மா, இவங்கதான் ரொம்ப அழகு!" என்றது.

யாரும் சிரிக்கவில்லை. சீமோன்கூட.

உடம்பின் அழகு ஒரு நாள் உதிர்ந்துவிடும். விசுவாசத்தாலும் அன்பாலும் உள்ளத்தில் வளரும் அழகே ஆண்டவருடைய பார்வையில் என்றும் நிலைத்திருக்கும்.