வெட்டுப்பட்ட சிப்பாய்

"கூத்தனை அனுப்பிடுங்கம்மா. அவன் இருந்தா மடத்துக்கே மானக்கேடு."

திருமாறன் இப்படிக் கொதித்தபோது உலகம்மை வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சதுரங்க மடத்தின் குரு அவள்தான். தலைமைச் சீடனான திருமாறனைவிட வயதில் சின்னவள். ஆனாலும் அவளிடம் யாரும் வாலாட்ட முடியாது.

"அப்படி என்ன பண்ணிட்டான்?"

"தோக்கிறான். தினமும் என்கிட்ட தோக்கிறான். நாளைக்கு அக்கரை மடத்தோட போட்டி. இவனையும் கூட்டிட்டுப் போனா சிரிக்க மாட்டாங்களா?"

"சரி, போகச் சொல்லு. சொல்லிட்டு வா, ஒரு ஆட்டம் போடலாம்."

கூத்தன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பரிசல் துறைக்கு நடந்தான். திருமாறனுக்கு ஏக சந்தோஷம். ஓடிவந்து பலகை முன் உட்கார்ந்தான்.

அந்த மடத்துக் காய்களுக்கு நிறம் கிடையாது. முகம் மட்டும் உண்டு; அது எதிராளியைப் பார்த்திருக்கும். வெட்டுப்பட்ட காய் வெட்டியவர் கைக்குப் போகும். தன் முறை வரும்போது, வேறு காயை நகர்த்தாமல், கையில் இருப்பதை முகம் திருப்பிக் காலிக் கட்டத்தில் இறக்கலாம். அதன்பின் அது அவர் படை.

திருமாறன் பாய்ந்து பாய்ந்து ஆடினான். சிப்பாய்களை வாரிக் கொடுத்து, அவளுடைய யானையைப் பிடித்தான். குதிரையையும் பிடித்தான்.

"சிப்பாய்தானே! எடுத்துக்கங்க, எடுத்துக்கங்க!"

அவளும் எடுத்துக்கொண்டாள்.

பிடித்த யானையை இறக்கினான். "செக்!"

அவள் நடுவில் ஒரு சிப்பாயை இறக்கினாள்.

ராணியைப் பாய்ச்சினான். "செக்!"

இன்னொரு சிப்பாய்.

ஆத்திரத்தில் அதை ராணியால் வெட்டினான். பின்னால் காத்திருந்த அவளுடைய இன்னொரு குதிரை ராணியை விழுங்கியது. அவன் அவசரமாக யானையை நகர்த்தினான்.

"இப்ப என் முறையா?" என்று கேட்டு, அவன் ராஜாவின் காலடியில் ஒரு சிப்பாயை இறக்கினாள். அவள் மந்திரியின் காவல் இருந்ததால் அதை ராஜா வெட்ட முடியாது; வெட்ட வேறு காயும் அருகில் இல்லை. ராஜாவுக்கு ஒதுங்கவும் இடமில்லை.

ஆட்டம் முடிந்தது.

"அம்மா, இது என் சிப்பாயாச்சே!"

"அப்படியா? முகத்தைப் பாரு."

பார்த்தான். அது அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

உலகம்மை வெற்றிலையை வாயில் போட்டாள். "கூத்தன் இனி எங்க போவான்?"

"அவனுக்குச் சதுரங்கத்தை விட்டா வேறென்ன தெரியும்? நேரா அக்கரை மடத்துக்குத்தான்..."

திருமாறன் பாதியில் நிறுத்தினான்.

"தினமும் உன்கிட்ட தோத்தவனாச்சே," என்றாள் அவள். "நீ எப்படியெல்லாம் ஜெயிப்பேன்னு அவனைவிட யாருக்குத் தெரியும்?"

பலகை கவிழ்ந்தது. காய்கள் சிதறின. திருமாறன் துறைக்கு ஓடினான்.

பரிசல் முக்கால் ஆற்றைத் தாண்டியிருந்தது. அக்கரையில் அந்த மடத்துக் குரு, கூத்தனைக் கைபிடித்து இறக்கிக்கொள்ளப் படிவரை வந்து நின்றார்.

"கூத்தா! டேய் கூத்தா! திரும்பி வாடா!"

கத்திக்கொண்டே திருமாறன் வேட்டியோடு ஆற்றில் குதித்தான்.